சிட்டு, மாப்பிள்ளை, அக்கா

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் நாலே வரிதான். நூலகத்தின் பின்னறையில் உபயோகமில்லாமல் கிடக்கும் பன்னிரண்டு கணினிகளையும் கழிவு என்று பட்டியல் போட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரும் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். நூலகர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதாப் போச்சு. அந்த ரூம் காலியாகும்," என்றார்.

எதிரே நின்றிருந்த உதவியாளர் அந்த நாலு வரியை எட்டிப் படித்தாள். வாசகர்கள் எடுத்துப் போகும் புத்தகங்களில் திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்திக் கொடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. காலையில் வந்ததும் முத்திரைக் கட்டையில் தேதிச் சக்கரத்தை ஒரு பல் திருப்பி வைத்துவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பாள். அதனால் அவளுக்கு முத்திரையம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்றே தெரியாது.

அந்தக் கணினிகள் வாசகர்களுக்காக வாங்கியவை. ஒரு காலத்தில் அவற்றின் முன் வரிசை நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் எல்லாவற்றிலும் புதிய சிஸ்டத்தை ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது, ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சுவிட்சைத் தட்டிவிட்டு ஒரு வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடிக்கலாம், அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வாசகர்கள் அலுத்துப் போனார்கள். ஒவ்வொன்றாகப் பின்னறைக்குப் போயின. ஆனால் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை. பரீட்சை முடிவு பார்க்க, வேலைக்கு விண்ணப்பம் போட, வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் அனுப்ப என்று தினமும் நாலு பேராவது வருவார்கள். "இல்லைங்க, வேலை செய்யலைங்க" என்று சொல்ல வேண்டியவள் முத்திரையம்மா. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புவது போல அது அவளை உறுத்தியது.

"சார், வண்டி வர மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் நான் ஒரு முயற்சி பண்ணிப் பாக்கட்டுமா?"

"எதுல?"

"அந்தக் கம்ப்யூட்டருங்கள்ல."

"நீங்களா?" என்றார் நூலகர். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கிண்டல் செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "பண்ணுங்க. ஆனா ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா என் தலையிலதான் விழும். எனக்கு ரிடையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, பாத்துக்குங்க."

முத்திரையம்மாவின் தைரியத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய நாத்தனார் கணினி பழுது பார்க்கும் கடையில் மெக்கானிக். அடுத்த தெருவில்தான் வீடு. கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் காரம். அண்ணி செய்த எதையும் அவள் இதுவரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "பரவாயில்ல" என்பதுதான் உச்சக்கட்டம். அதுவும் நல்ல நாளாகப் பார்த்துச் சொல்வாள்.

நூலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று காலை நாத்தனாரைக் கையோடு கூட்டி வந்தாள். நாத்தனார் முதல் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள்.

"அண்ணி, உள்ள ஒரு பல்லிக் குடும்பமே குடித்தனம் நடத்தியிருக்கு. மூணு முட்டை ஓடு."

"சுத்தம் பண்ணிடலாம்."

"சுத்தம் பண்ணிட்டு? எவ்வளவு பழசுன்னு பாருங்க. எங்க கடையில இத வாங்கி வெச்சா முதலாளி என்னையும் சேத்து வெளிய போட்டுருவார்."

"கெட்டுப் போயிருக்கா, பழசாயிருக்கா? அத மட்டும் சொல்லு."

நாத்தனார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். தூசியை ஊதினாள், துடைத்தாள், மின்சாரம் கொடுத்தாள். மதியத்துக்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றின் மதர்போர்டில் இருந்த கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்திருந்தன, அது பிழைக்காது. மீதி பதினொன்றுக்கும் உயிர் இருந்தது. அதில் ஏழு ஓரளவு பிந்தியவை, நான்கு ரொம்பப் பழையவை. செத்ததன் மெமரியைக் கழற்றி இன்னொன்றில் செருகினாள்.

"மெஷின்ல தப்பு இல்ல அண்ணி," என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். "அதுமேல ஏத்தின சுமைதான் தப்பு. சுவிட்ச் போட்டதும் முதல்ல எழுந்திரிச்சு மத்த எல்லாத்தையும் வேலை வாங்குதே, ஆபரேட்டிங் சிஸ்டம், அதுவே பாதி மெமரிய தின்னுட்டு உக்காந்துருக்கு. லேசா ஒண்ணு போட்டா நடக்கும்."

"லேசா இருக்கா?"

"லினக்ஸ்னு ஒரு குடும்பம் இருக்கு. காசு கிடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம். அந்தக் குடும்பத்துல நூறு பிள்ளைங்க. ஒவ்வொண்ணும் ஒரு குணம்."

"அதுல எது நல்ல பிள்ளை?"

"அத யாரும் சொல்ல முடியாது. வீட்டுல வெச்சுப் பாத்தாதான் தெரியும்." நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டாள். "மூணு போட்டுத் தரேன். ஆனா முதல்லயே சொல்லிடறேன், இது வெட்டி வேலை."

புதன்கிழமை காலை மூன்று கணினிகளில் மூன்று விதமான சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அவற்றின் நிஜப் பெயர்கள் முத்திரையம்மாவின் வாயில் நுழையவில்லை. தானே பெயர் வைத்தாள். முதலாவது ரொம்பச் சின்னது, விருட்டென்று எழுந்துவிடும்: சிட்டு. இரண்டாவது பார்க்கப் பளபளப்பு, ஜன்னல்கள் மிதந்து வந்து திறக்கும், ஓரமெல்லாம் நிழல் விழும்: மாப்பிள்ளை. மூன்றாவதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் திரை, கீழே ஒரு பட்டை, வேண்டியது எல்லாம் வேண்டிய இடத்தில். அதற்கு அக்கா என்று பெயர் வைத்தாள்.

மூன்றையும் வாசிப்புக்கூடத்தில் ஜன்னலோரமாகப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று காகிதம் ஒட்டினாள். எது எப்படிப்பட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். தன் மேசையிலிருந்தே பார்த்தாள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதினாள். நூலகர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதறீங்க?" என்றார்.

"யாரு எங்க முழிக்கறாங்கன்னு எழுதறேன் சார்."

முதலில் சிக்கியவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தினமும் எல்லாப் பத்திரிகைகளையும் ஒரு வரி விடாமல் படிப்பவர். சிட்டு இருபத்தோரு விநாடியில் எழுந்ததைப் பார்த்து, "அட, எங்க லாரிகூட இவ்ளோ சீக்கிரம் ஸ்டார்ட் ஆனதில்ல" என்று சந்தோஷப்பட்டார். இணையத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது.

"என்னம்மா இது, எழுத்துக்குப் பதிலா ஜன்னல் ஜன்னலா அச்சடிச்சிருக்கான்?"

மாலையில் நாத்தனார் வந்து தமிழ் எழுத்துருவைப் போட்டுக் கொடுத்ததும் அது சரியாயிற்று. ஆனால் சிட்டுவில் பென்டிரைவைச் செருகினால் அதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வரி தட்டச்ச வேண்டும். அச்சடிக்க இன்னும் இரண்டு வரி. நாத்தனாருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். மற்றவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்தாலும் வரவில்லை.

மறுநாள் ஒரு தையற்காரப் பெண் மாப்பிள்ளையின் முன் உட்கார்ந்தாள். ஒரு துணி ஆலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள். நிழலும் மிதப்பும் அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்று பக்கம் நிரப்பி, சான்றிதழைத் தேட இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். மாப்பிள்ளை அப்படியே உறைந்து போனார். சுட்டியும் அசையவில்லை, விசையும் கேட்கவில்லை. அணைத்துப் போட்டால் எழுதியது அத்தனையும் போய்விட்டது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்திரையம்மா எழுந்து போய் அவளைத் தோளில் தட்டி மூன்றாவது மேசையில் உட்கார வைத்தாள். "இதுல ஒருக்கா பாரும்மா. நான் பக்கத்துல இருக்கேன்."

அக்கா எழுந்துகொள்ள நாற்பது விநாடி எடுத்துக்கொண்டது. அதன் பிறகு எதற்கும் நிற்கவில்லை. மூன்று ஜன்னல் திறந்தாள், நாலாவதும் திறந்தாள். சான்றிதழைச் சேர்த்தாள், விண்ணப்பத்தை அனுப்பினாள், ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டாள். போகும்போது, "மேடம், ரெண்டாவது பாக்க லட்சணமாத்தான் இருக்காரு. வேலை சொன்னாதான் மூஞ்சியத் திருப்பிக்கறாரு" என்றாள். தான் வைத்த பெயர் அவளுக்குத் தெரியாது என்பதை நினைத்து முத்திரையம்மா வெகு நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் ஆபரேட்டர் மனைவியுடன் வந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாரம் ஒருமுறை மனைவி அவருக்குக் கூடத்தின் மூலையில் பத்திரிகைகளை மெல்லிய குரலில் படித்துக் காட்டுவார். விசைப்பலகைகளின் சத்தம் கேட்டு ஆபரேட்டர் தலையைத் திருப்பினார்.

"கம்ப்யூட்டருங்க திரும்ப வந்துருச்சா? இது பேசுமா மேடம்?"

"பேசணுமா?"

"எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு. திரையில இருக்கறத வாய்விட்டுப் படிக்கும். நம்பர் தேடறதுக்கு மட்டும்தான் தொட விடுவாங்க."

முத்திரையம்மா அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். மாலையில் நாத்தனாரிடம் கேட்டாள். சிட்டுவில் அந்த வசதி இல்லை. கொண்டுவரப் பெரும்பாடு படவேண்டும். மாப்பிள்ளையிடம் இருந்தது, ஆனால் பேச ஆரம்பித்தால் வேறு எதுவும் நடக்காது. அக்காவில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

"ஆனா எழுந்திரிக்க இன்னும் எட்டு செகண்டு கூடும்," என்றாள் நாத்தனார். "நாம இவ்ளோ பாடுபட்டுக் குறைச்சுட்டு வரோம். ஒருத்தருக்காக எதுக்கு அண்ணி?"

"ஒருத்தர்தான். எட்டு செகண்டுதானே."

நாத்தனார் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு குனிந்து தட்டச்ச ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் ஆபரேட்டர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குரல் கரகரவென்று, சளி பிடித்தவன் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. விரல்கள் விசைகளின் மேல் ஓடின. கால் மணி நேரம் கழித்துச் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏம்மா, இங்க வா. விளையாட்டுப் பக்கம்னு ரெண்டு முழுப் பக்கம் இருக்கு!"

"இருக்கட்டும். அதுக்கென்ன?" என்றார் மனைவி.

"பன்னெண்டு வருஷமா நீ எனக்கு ரெண்டே வரிதான் படிச்சிருக்க!"

"யாரு ஜெயிச்சாங்க, யாரு தோத்தாங்கன்னு சொன்னேன்ல? அதுக்கு மேல என்ன இருக்கு?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அமைதி காக்கவும் என்று எழுதிய பலகையின் அடியில் நின்றிருந்த நூலகரும் சிரித்தார். அன்று மூடும் நேரம் வரை ஆபரேட்டரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தனக்குப் பிடித்த தொடர்கதையைத் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இப்படி ஓய்வாக அவர் உட்கார்ந்து முத்திரையம்மா பார்த்ததே இல்லை.

முடிவெடுக்கும் நாள் வந்தபோது மூன்று பேருக்கும் மூன்று கட்சி. நூலகர் மாப்பிள்ளை பக்கம். "மேலதிகாரி வந்து பாக்கறப்ப கண்ணுக்கு நிறைவா இருக்கணும். இந்தச் சாம்பல் கலரப் பாத்தா பழசு மாதிரியே இருக்கு." நாத்தனார் சிட்டு பக்கம். "லேசுதானே கேட்டீங்க? இதவிட லேசு உலகத்துல கிடையாது. இருபத்தோரு செகண்டு!"

முத்திரையம்மா நோட்டைப் பிரித்தாள். ஒன்பது நாளில் அறுபத்துமூன்று பேர். யார் எதில் உட்கார்ந்தார்கள், எங்கே முழித்தார்கள், எத்தனை தடவை அவளைக் கூப்பிட்டார்கள், வந்த காரியம் முடிந்ததா என்பதெல்லாம் அதில் இருந்தது.

"சிட்டுல உக்காந்தவங்க சராசரியா அஞ்சு தடவை என்னைக் கூப்பிட்டாங்க. மாப்பிள்ளையில உக்காந்தவங்கள்ல பாதிப் பேரு வேலை முடியாம எழுந்து போயிட்டாங்க. அக்காவுல உக்காந்தவங்க அநேகமா கூப்பிடவே இல்ல, அச்செடுக்கறதுக்கு மட்டும் ரெண்டு மூணு பேரு கூப்பிட்டாங்க. எனக்கு எழுந்திரிக்கற நேரம் முக்கியமில்ல. வந்தவங்க எழுந்து போறப்ப காரியம் முடிஞ்சிருக்கணும்."

நூலகர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "சரி," என்றார். "உங்க இஷ்டம்."

ஏழு கணினிகளில் அக்கா ஏறியது. அடுத்த நான்கில் முட்டுக்கட்டை. அவற்றின் மூளை ரொம்பப் பழைய வகை. இந்தப் புதுச் சிஸ்டத்துக்கு அது ஒத்துவராது என்று திரையிலேயே எழுதிக் காட்டிவிட்டது. நாத்தனார் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். முத்திரையம்மா அந்த நாலையும் சுற்றிச் சுற்றி வந்தாள். அவற்றை மட்டும் வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. அப்போது ஒருவர் மேசைக்கு வந்து, "அம்மா, தச்சு வேலையப் பத்திப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார். அவள் பதிவேட்டை எடுத்து விரலை ஓட்டித் தேட ஆரம்பித்தாள். பாதியிலேயே விரல் நின்றது.

"சிட்டு இதுல ஏறும்ல?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"தாராளமா ஏறும். ஆனா நெட்டுக்கு லாயக்கில்ல."

"நெட்டு எதுக்கு? தலைமை ஆபீஸ்ல டைப் பண்ணி சிடியில குடுத்த நம்ம புத்தகப் பட்டியல் மட்டும் திறந்தே இருக்கணும். பேரத் தட்டினா எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு சொல்லணும். அவ்ளோதான்."

நாத்தனார் திருப்புளியைக் கையில் எடுத்தாள். "அதுக்கு இதுவே அதிகம்," என்றாள். அன்றே நாலையும் அலமாரி வரிசைக்கு ஒன்றாக நிறுத்தினார்கள்.

வண்டி வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை. கட்டடத்தில் ஏதோ பழுதென்று புதன்கிழமை முழுக்க மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் முத்திரையம்மா ஏழு கணினிகளையும் போட்டாள். ஏழும் எழுந்தன. ஆனால் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பில் எச்சரிக்கை வந்து வழியை மறித்தது. பத்திரிகையும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. லாரி டிரைவர் மூன்று நாற்காலி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாரும் சேந்து வேலைநிறுத்தமா?" என்றார்.

நூலகரின் முகம் வெளிறியது. "நாளைக்கு மேலதிகாரியே நேர்ல வராங்க. நான் அப்பவே சொன்னேன்."

நாத்தனார் கடையில் சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்தாள். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினாள், இணைப்புப் பெட்டியை அணைத்துப் போட்டாள், எதையெதையோ தட்டச்சினாள். நெற்றியில் வேர்த்தது. "நெட் வருது. ஆனா உள்ள விடமாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடணும்னா ரெண்டு நாளாகும் அண்ணி." அவள் குரலில் காரம் இல்லை. முத்திரையம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவள் நாத்தனாரின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம். கண் தானாகவே தேதியைத் தேடிப் போயிற்று. கீழ்ப்பட்டையின் மூலையில் சின்னதாக எழுதியிருந்தது. ஜனவரி ஒன்று. வருடம், பதினாலு வருடம் பின்னால்.

"இந்தத் தேதி ஏன் இப்படி இருக்கு?"

"அது கிடக்கட்டும் அண்ணி."

"இல்லடி. எல்லாத்துலயும் இதே தேதிதான் இருக்கு. நான் தப்பான தேதி குத்திக் கொடுத்தா புத்தகத்தத் திரும்ப வாங்கவே முடியாது. அந்த மாதிரி, அந்தப் பக்கத்துல இருக்கறவன் இதோட தேதியப் பாத்து இது என்ன பொய்யாளுன்னு கதவ சாத்தறானோ என்னமோ."

நாத்தனார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். தேதியை மாற்றினாள். பக்கத்தைத் திறந்தாள். பத்திரிகை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வந்து நின்றது.

"அடச்சே!" நாத்தனார் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். "பேட்டரி! காசு மாதிரி ஒரு பேட்டரி உள்ள இருக்கும். கரண்ட் இல்லாதப்ப நேரத்த ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். இத்தனை வருஷத்துல எல்லாம் செத்திருக்கும், நேத்து முழுக்கக் கரண்ட் நின்னதும் தேதி போயிருச்சு. அது போனாலும் நெட்லேருந்து நேரத்தத் தானா எடுத்துக்க ஒரு ஏற்பாடு இருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "அத நான்தான் நிறுத்தி வெச்சேன். இன்னும் லேசாகட்டுமேன்னு."

முத்திரையம்மா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். நாத்தனார் அந்த ஏற்பாட்டை ஏழிலும் மறுபடி ஓட வைத்தாள். கடைக்குப் போய்ப் பதினொரு பேட்டரி எடுத்து வந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். கடைசிப் பெட்டியின் மூடியைத் திருகும்போது தலையைத் தூக்காமலேயே சொன்னாள்:

"நான் பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணிச்சு. சூப்பர் அண்ணி."

முத்திரையம்மா தான் சரியாகத்தான் கேட்டோமா என்று ஒரு கணம் நின்றாள். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவை. வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் அதைத்தான் முதலில் சொன்னாள். அவன் நம்பவில்லை. தங்கைக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி வந்தது. பின்னாலேயே மேலதிகாரி தன் வாகனத்தில் வந்து இறங்கினார். கண்டிப்பான பெண்மணி, கையில் பட்டியலோடு நேராகப் பின்னறைக்குப் போனார். அங்கே ஒரே ஒரு கணினி இருந்தது.

"பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. மீதி பதினொண்ணு?"

"கூடத்துல இருக்கு மேடம்," என்றார் நூலகர். அடுத்து அவர் செய்தது முத்திரையம்மா எதிர்பாராதது. ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து அவளை முன்னால் விட்டார். "இவங்கதான் செஞ்சாங்க. இவங்களே சொல்லட்டும்."

கூடத்தில் ஏழு நாற்காலியும் நிறைந்திருந்தன. இரண்டு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். அலமாரிப் பக்கம் ஒருவர் சிட்டுவில் பெயரைத் தட்டிவிட்டு நேராகப் போய்ப் புத்தகத்தை உருவினார். மேலதிகாரி ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தார். ஆபரேட்டரின் பின்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"ரெண்டு விதமா போட்டிருக்கீங்க. எது வேகம்?"

"அலமாரிகிட்ட இருக்கறதுதாங்க. இருபத்தோரு செகண்டு. இது நாப்பத்தெட்டு."

"அப்ப வேகமானத ஏன் எல்லாத்துலயும் போடல? எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

முத்திரையம்மா நோட்டை நீட்டினாள். "நான் தேர்ந்தெடுக்கலைங்க. இவங்கள உக்கார வெச்சுப் பாத்தேன். இதுல இருக்கறது எல்லாம் அவங்க சொன்னது. வாயால சொல்லாததயும் எழுதியிருக்கேன்."

மேலதிகாரி நின்றபடியே பதினைந்து பக்கம் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். நிமிர்ந்து, "மாப்பிள்ளைன்னா யாரு?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பெயர்கள் கூடம் முழுக்கப் பரவியிருந்தன. லாரி டிரைவர் பத்திரிகையைப் படித்துக்கொண்டே, "வேலை சொன்னா கோவிச்சுக்குவாருங்க மேடம், அவரு போயிட்டாரு" என்றார்.

வண்டிக்காரர் வாசலில் காத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது வெடித்துப் போன ஒரு பெட்டியும், உடைந்த நாலு நாற்காலியும்தான். "இதுக்கா இவ்ளோ பெரிய வண்டி?" என்று முணுமுணுத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, தன் வண்டி உரிமத்தைப் புதுப்பிக்க இங்கே விண்ணப்பம் போட முடியுமா என்று கேட்டார். முத்திரையம்மா அவரை வரிசையில் உட்கார வைத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. கிளை நூலகங்கள் எதிலும் பழைய கணினிகளைக் கழிவில் போடக்கூடாது. முதலில் இந்த நூலகத்தின் உதவியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே அவளுடைய முழுப் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். நூலகர் அதை உரக்கப் படித்துவிட்டு, அறிவிப்புப் பலகையின் நடுவில் தானே குத்தி வைத்தார். அன்று வந்த பாதிப் பேர், "இது யாரு?" என்று கேட்டார்கள். நூலகர் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து கை காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை அவளும் நாத்தனாரும் இரண்டு பேருந்து மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த கிளை நூலகத்துக்குப் போனார்கள். அங்கே விடுமுறை வேறு நாள். பையில் பென்டிரைவ்கள், திருப்புளி, ஒரு டப்பா நிறையப் பேட்டரி. வாசலிலேயே அந்தக் கிளையின் பொறுப்பாளர் காத்திருந்தார்.

"நீங்கதானா மேடம் அந்தப் பழைய கம்ப்யூட்டர எல்லாம் ஓட வெச்சது?"

"நான்தாங்க," என்றாள் முத்திரையம்மா. சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

"வாங்க, மெஷினெல்லாம் உள்ள இருக்கு."

"மெஷின அப்புறம் பாக்கலாம். இங்க யாரெல்லாம் வருவாங்க, என்னென்ன கேப்பாங்க? முதல்ல அத சொல்லுங்க."

நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலேயே, நோட்டையும் பேனாவையும் எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.